கிடைக்கும் இணைப்புகள்

பள்ளிக்கூடம் ஏலம் விட்ட மடிக்கணினி.
மூடியில் 'அறை 4' என்று ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன், 4 மட்டும் போனது.
மின்வடத்தைப் பிடுங்கினால் அந்தக் கணமே உயிரை விடும்.
அதனால் மேசைக்கும் சுவருக்கும் நடுவே
குனிந்துதான் போகிறோம்
நானும் பூனையும்.

புகை போட்ட மட்டி விற்கிறவள் நான்.
இனி ரசீதெல்லாம் இணையத்தில்தான் என்று
நகராட்சியில் ஒரு பையன் சொல்லிவிட்டான்.
அவன் சொன்னபோது வெளியே சிலோயேயின் மழை
மரச்செதில் சுவர்களைக் கழுவிக்கொண்டிருந்தது.
எப்போது கழுவவில்லை.

வை-ஃபை பெட்டி வந்து பதினோரு நாள்.
அதில் பச்சை விளக்குகள் எரிகின்றன.
கணினியோ 'இணைப்பு எதுவும் இல்லை' என்கிறது.
அணைத்துப் போட்டேன். போட்டு அணைத்தேன்.
மீன்சந்தை நெல்டா தொலைபேசியில் சொன்னாள்:
"விளிம்பில் விரலை ஓட்டிப் பாரு.
பழசுகளுக்கு ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும்."

இருந்தது.
மட்டிக்குள் எப்போதாவது பல்லில் கடிபடுமே
அந்த முத்தளவு.
யாரோ ஒரு மாணவன் பாடவேளையில் தள்ளி அணைத்துவிட்டு
அப்படியே மேல்வகுப்புக்குப் போயிருக்கிறான்.

தள்ளினேன்.
தெருவே வந்து வரிசையில் நின்றது.
'பார்ரியா குடும்பம்'
'விடுதி விருந்தினர்'
'இது தர்மசத்திரம் அல்ல'
அதற்கும் கீழே, இரண்டு கோடு பலத்தோடு,
'கனேலோ வாயை மூடு'

கனேலோ என் நாய்.
செத்து மூன்று குளிர்காலம் ஆகிறது.

வேலிக்கு அந்தப்பக்கம் ரொசெந்தோ.
பார்த்தால் தொப்பியைத் தொடுவார், அவ்வளவுதான்.
இத்தனை வருடம் காற்றில் இதைக் கூவிக்கொண்டிருந்திருக்கிறார்.
ரொட்டிக்கடையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள்
எல்லாரும் படித்திருக்கிறார்கள்.
என் சமையலறைக்குள்ளும் அது வந்து போயிருக்கிறது,
நான் அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதெல்லாம்.

சரி. என் பெட்டியைக் குப்புறப் போட்டேன்.
அடியில் கடவுச்சொல், எறும்பெழுத்தில்.
அது சுழியமா, ஓ-வா?
மூக்குக்கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடி வைத்துப் பார்த்து
மூன்றாம் முறை சுழியம் என்றேன்.
இணைந்தது.

இணைந்தும் ஒரு பக்கமும் திறக்கவில்லை.
'இந்தத் தளத்தை நம்ப முடியாது' என்றது,
வரித்துறைத் தளத்தை.
அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.
ஆனால் வானிலையையும் நம்ப மறுத்தது.
மறுபடி நெல்டா. "மூலையில் தேதியைப் பாரு."

2009, ஜனவரி 1.
உள்ளே சட்டைப்பித்தான் போலொரு பேட்டரி இருக்குமாம்,
அது செத்தால் கணினிக்குக் காலம் நின்றுவிடுமாம்.
தேதி தப்பாக இருந்தால்
உலகம் தன் சான்றிதழைக் காட்டினாலும்
"நீ இன்னும் பிறக்கவே இல்லையே" என்று விரட்டுமாம்.

மேல்நோக்கிய அம்பை அழுத்தினேன்.
2010.
2011, மீன்பெட்டியில் போட்டு அவனைக் கொண்டுவந்தேன்.
2012, தபால்காரரின் கால்சட்டை.
அப்புறம் ஒன்றும் நடக்காத வருடங்கள்,
அவற்றில் மெதுவாக அழுத்தினேன்.
ஓரிடத்தில் விரல் தானாகவே இரண்டு முறை தட்டித் தாண்டியது,
பின்னால் போய்ச் சரிபார்க்கவில்லை.
இன்றைய தேதிக்கு வந்து நின்றதும்
வரித்துறை திறந்தது. மழை என்றது வானிலை.

பெட்டிக்குப் பெயர் வைக்கலாம் என்றது ஒரு பக்கம்.
முப்பத்திரண்டு எழுத்துக்குமேல் கூடாதாம்.
நிறைய அடித்தேன், நிறைய அழித்தேன்.
மிஞ்சியது:
'மூடிவிட்டான், மூணு வருஷமாச்சு'

மறுநாள் ரொசெந்தோ தொப்பியைத் தொடவில்லை.
விறகை அடுக்கிக்கொண்டே இருந்தார்,
அடுக்கியதைக் கலைத்து மறுபடி.

வியாழக்கிழமை ரசீது போட உட்கார்ந்தேன்.
சுவிட்ச். பட்டியல்.
பார்ரியா, விடுதி, தர்மசத்திரம்,
கடைசியில் பூட்டுப் படத்தோடு ஒரே ஒரு சொல்:
'கனேலோ'

இரண்டு கோடு.
காற்று இந்தப்பக்கம் திரும்பினால் மூன்று.