நடுவில் மைனஸ்

ஐந்து திருகாணி. மூடியைத் தூக்கும்போது
விசைப்பலகையின் வால்கள் இரண்டும் கூடவே வரும்;
அவசரக்காரன் அங்கேயே கிழித்துவிடுவான்.
ஃபெர்கஸ் கிழிக்கவில்லை. அவன் செய்தது வேறு.
பழைய மோடத்தின் அடாப்டர்
துளைக்குள் கச்சிதமாய்ப் போயிற்றாம்.
போனதால் சுவிட்சைத் தட்டினானாம்.

பொருந்துவதெல்லாம் சரி என்றால்
இந்த டண்டீ நகரத்தில் நான்
இரண்டு முறை மணவிலக்கு வாங்கியிருக்க வேண்டாம்.

மோடத்துக்கு நடுவில் பிளஸ்.
இதற்கு நடுவில் மைனஸ்.
ஒரு நொடிதான். அதற்குள்
சுருளுக்குப் பக்கத்து டிரான்சிஸ்டர் போயிற்று,
அதன் பின்னாலேயே கழித்தல் ஐந்தும்.

இந்த நினைவகச் சில்லுக்கு மூன்று ஊட்டம்:
பன்னிரண்டு, ஐந்து,
பிறகு பூஜ்யத்துக்கும் கீழே ஓர் ஐந்து.
அந்தக் கடைசி ஐந்து
எந்த வேலையும் செய்வதாய்த் தெரியாது.
முதலில் வந்துவிட வேண்டும், கடைசியில்தான் போகவேண்டும்,
சாவு வீட்டில் நாற்காலி போடுகிறவனைப் போல.
அது இல்லாத நேரம் பன்னிரண்டு நுழைந்தால்
சில்லு கொதித்துச் சாகும்.
எட்டில் மூன்று செத்திருந்தன.
விரல் வைத்தே கண்டேன்.

வெளியே எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே வானவில் கோடு.
உள்ளே பலகைக்குப் பலகை வேறு.
மூன்றாம் பதிப்பு ஒழுங்கான பிள்ளை.
இரண்டாம் பதிப்பில் மூளைச் சில்லின் மேல்
ஒரு டிரான்சிஸ்டர் காலை அகட்டி நிற்கும்,
சிலந்தி என்போம்.
முதல் பதிப்பில் கரப்பான்:
வரைபடம் போட்டவர்களின் பிழையைச் சரிக்கட்ட
ஒரு சில்லை மல்லாத்தி ஒட்டி
காலுக்குக் கால் கம்பி இழுத்திருக்கும்.
பிழை அவர்களுடையது.
ஈயப்புகை எங்களுடையது.

இது கரப்பான் பலகை.
கம்பிகள் எல்லாம் இடப்பக்கமாய் வளைந்து
போய்ச் சேர்ந்திருந்தன. பொட்டுப் பொட்டாய்ப் பற்று,
ஒன்றில்கூட முள் இல்லை.
கேம்பர்டவுன் ஆலையில், நாளெல்லாம்
தன் இடது முழங்கையால் என் வலது முழங்கையை
இடித்துக்கொண்டிருந்த நெட்டா
ஒருத்திதான் இப்படி வளைப்பாள்.

"அம்மா அங்கேதான் வேலை பார்த்தாங்க" என்றான்.
"தெரியும்" என்றேன்.

தொண்ணூற்று மூன்றில் வாசலில் பனி.
தகர டிரம்மில் நெருப்பு மூட்டி
நாங்கள் வெளியே நின்றோம்.
ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பேருந்து
உள்ளே போயிற்று. மூன்றாவது ஜன்னலில் அவள்,
தலை குனிந்து, பையில் எதையோ தேடுகிற மாதிரி.
நான் கத்திய சொல்லை இங்கே எழுதப்போவதில்லை.
அவள் வீட்டில் வேறு சம்பளம் இல்லை என்பது
கத்தும்போதே எனக்குத் தெரியும்.

டிரான்சிஸ்டரை மாற்றினேன். சுருளை மறுபடி சுற்றினேன்.
மூன்று சில்லையும் பிடுங்கி சாக்கெட் வைத்தேன்.
கரப்பானைக் கழற்றிவிட்டு
அழகாய் ஒரு குட்டிப் பலகை பொருத்தலாம்,
பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.
மீட்டரின் கறுப்பு முனை தரையில்,
சிவப்பு முனை ஒவ்வொரு காலாய்:
பன்னிரண்டு.
ஐந்து.
கழித்தல் நான்கு புள்ளி ஒன்பது. போதும்.

திரையின் அடியில் அந்த ஒற்றை வரி வந்தது,
எண்பத்திரண்டாம் ஆண்டு என்று.
அந்த ஆண்டு எங்கள் இருவருக்கும்
ஒரே தேநீர்க் குடுவை.

அடாப்டர் வயரை வெட்டி, மாற்றி முடிந்து,
மஞ்சள் நாடா சுற்றி எழுதினேன்: நடுவில் மைனஸ்.
பில் போட்டேன். முழுத் தொகை, நாடா உட்பட.

"அம்மா கார்லதான் இருக்காங்க,
மழைன்னு இறங்கல."
மழை நின்று அரை மணி ஆகியிருந்தது.

பையை நீட்டியபோது சொன்னேன்,
கம்பிகளை நான் தொடவில்லை என்று அவளிடம் சொல்.
எந்தக் கம்பி என்று கேட்டான்.
அவளுக்குத் தெரியும் என்றேன்.