கால் சுற்று

கொண்டலாம்பட்டி பைபாஸில் என் கடை.
போர்டில் வீல் அலைன்மென்ட் என்று இருக்கும்.
அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்,
நட் மாட்டி எண்பது கிலோமீட்டர் ஓடியபின்
மறுபடி வரவும்.
வருகிறவர்கள் குறைவு.

செவ்வாய்க்கிழமை எட்வின் வந்தான், நாகலூரிலிருந்து.
ஜீப் முழுக்கக் காப்பிக்கொட்டை வாசம்,
முன்சீட்டில் பெல்ட் போட்ட பலாப்பழம்.
"அகல டயர் போட்டுட்டேன் அக்கா.
கொண்டை ஊசியில முழுக்க ஒடிச்சா
உள்ள பட்டையில உரசுது."
செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தான்.
இரண்டு அலுமினிய வட்டம், பாதி விலைக்கு வந்ததாம்.

ஒன்றை ஹப்பில் வைத்தேன்.
நடுத்துளை பெரிசு. அடுத்தவர் மோதிரம் மாதிரி ஆடியது.
"அஞ்சு நட் பிடிச்சுக்காதா?"
நட் அழுத்தும்.
நடுவில் நிறுத்துவது ஹப்பின் உதடு.
அது தொடாத எதுவும்
வேகம் ஏற ஏற நடுங்கும்.

முகம் விழுந்துவிட்டது அவனுக்கு.
எதிர்க்கடையில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன்.
இரண்டு தட்டுவடை, நடுவே பீட்ரூட் துருவல், சட்னி.
இடையில் இருப்பது அளவாய் இருந்தால்
மூன்றும் ஒன்றாய் வாய்க்குள் போகும்.
கூடினால் சட்டையில்.
"சட்டையைத் துவைச்சுக்கலாம்" என்றேன்.
ரிஸ்வான் சிரித்தான். எட்வின் மென்றுகொண்டிருந்தான்.

சரியான ஜோடி வியாழக்கிழமை வந்தது.
ரிஸ்வான் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான்,
தேய்த்ததையே திரும்பத் தேய்த்தான்.
ஒரு செதில் துரு மிச்சமிருந்தால் போதும்,
மலையேறும்போது பொடியாகும்,
அது உதிர்ந்த இடம் அத்தனையும் நட்டின் தளர்ச்சி.

உள்ளே ஐந்து நட், ஸ்பேசரை ஹப்போடு சேர்க்க.
வெளியே ஐந்து, சக்கரத்தை ஸ்பேசரோடு சேர்க்க.
ஒன்றை முறுக்கி, பக்கத்தை விட்டு, எதிரே ஒன்று,
நட்சத்திரம் வரைகிற மாதிரி.
டார்க் ரெஞ்ச் டக் என்றதும் கையை எடுக்க வேண்டும்.
இன்னும் கொஞ்சம் என்று தோன்றும்.
அந்தக் கொஞ்சத்தில்தான் ஸ்டட் இழுபடுகிறது.

சக்கரம் ஏறியதும் உள்ளே இருக்கும் ஐந்தும் மறைந்துவிடும்.
இனி யாரும் பார்க்கப் போவதில்லை,
என்னைத் தவிர,
அதுவும் அவன் திரும்பி வந்தால்.

"மூட்டையில ரெண்டு குறைச்சுக்க" என்றேன்.
தண்ணி வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவது வேறு,
கையை நீட்டித் தூக்குவது வேறு.
வாளிக்கு வித்தியாசம் தெரியாது.
தோளுக்குத் தெரியும். பேரிங்குக்கும்.

ஒரு ஏற்றம், ஒரு இறக்கம்.
எண்பது அவ்வளவுதான்.
வெள்ளி வரவில்லை.
சனிக்கிழமை மலையில் மழை.

கோரிமேட்டில் என் மொட்டைமாடியிலிருந்து
ஏற்காட்டுப் பாதையின் விளக்குகள் தெரியும்.
ஒன்று இறங்கும், வளைவில் அணையும்,
கீழே கொஞ்சம் தள்ளி மறுபடி எரியும்.
இருபது வளைவு.
ஒரு விளக்கு அணைந்து, எரிய நேரமானது.
துணியை எடுக்க வந்தவள்
துணியோடு நின்றேன்.
எந்த வண்டியோ அது.
யாராவது டீ குடிக்க நிறுத்தியிருக்கலாம்.

ஞாயிறு காலை போன்.
"கடை வாசல்ல நிக்கிறேன் அக்கா.
எண்பத்து மூணு ஆயிடுச்சு.
மூட்டை ஏத்தல. ஆளும் ஏத்தல."

தலைகூடப் பின்னாமல் ஷட்டரைத் தூக்கினேன்.
சக்கரங்களைக் கழற்றி, உள்ளே, ஒவ்வொன்றாய்.
டக்.
டக்.
ஒன்பது, தொட்டதும் டக்.
பத்தாவது, இடது சக்கரத்தில்,
சத்தம் போடாமல் திரும்பியது,
திரும்பிக்கொண்டே போனது,
பிறகுதான் டக்.

கால் சுற்று இருக்கும்.
நாலில் ஒரு பங்குக்கும் கால் என்றுதான் பெயர்,
பழந்தமிழில் சக்கரத்துக்கும்.

"அவ்வளவுதானா?" என்றான்.
அவ்வளவுதான்.
துணியில் கையைத் துடைத்துக்கொண்டேன்.
பாதையில் ஒரு வளைவில்
தடுப்புச்சுவர் இடிந்து, தகரம் கட்டி வைத்திருக்கிறார்கள்.
இருவருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனான்.
ரிஸ்வான் வந்ததும் வெட்டலாம்.
எண்ணெய் வேண்டும் கைக்கு.
நட்டுக்குத்தான் தடவக் கூடாது.