நிறம் என்ற கட்டம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
மடியில் ஊறுகாய் பாட்டில்,
அதற்குள் கால்வாய்.
இன்றைக்கு ஊதா. திங்கட்கிழமை சிவப்பு.
"இன்னா மேடம், ஜூஸா?"
ஷேர் ஆட்டோ மொத்தமும் சிரித்தது.

என்னிடம் இருப்பது ஒரு சிட்டிகைப் பொடி.
துத்தநாக ஆக்சைடு, அதன் உடம்பெல்லாம்
அம்மை போட்டாற்போல் வெள்ளி.
முத்து ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது.
சாயம் வந்து ஒட்டினால்
லேசரிடம் அதன் பெயரைச் சொல்லிவிடும்.
வெயிலில் வைத்தால் அதன் முதுகை முறிக்கும்.
வெயிலுக்கா இங்கே பஞ்சம்.

காசு கொடுத்து வாங்கிய மெத்திலீன் நீலம்
நாற்பதே நிமிடத்தில் வெளுத்தது.
கேக் வெட்டினோம்.

கால்வாய் கேக்குக்கு மசியவில்லை.
சோப்பு, டீசல், யாரோ கழுவிய சங்கரா மீன்.
என் கொலுசு கறுப்பதுபோலவே
கறுத்துப்போனது வெள்ளி.
மூன்று மாதம்
பொடியைக் கழுவுவதே ஆராய்ச்சி.

நேற்று மொட்டைமாடியில்
ஆறு மணி நேரம் கழித்து
ஊதா போய்விட்டது.
சாயப்பட்டறை கஸ்ஸாலி பாய்
பாட்டிலைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.
"கலர் பூட்ச்சுல்ல? அப்புறம் இன்னா,
ஊத்திற வேண்டியதுதான்."

லேசரைக் கேட்டேன்.
ஊதாவின் பெயரை அது சொல்லவில்லை.
ஓரத்தில் ஒரு சின்ன மேடு,
பட்டியலில் எதனோடும் பொருந்தாதது,
முறிந்ததில் பிறந்த ஏதோ ஒன்று.

மூடியை இறுக்கித் திருகினேன்.
லேபிளில் தேதி எழுதினேன், இடம் எழுதினேன்.
நிறம் என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
மை ஊறிக்கொண்டிருந்தது,
நீலமாய்.