இருபத்தொன்பது பாகை

நிலக்கீழ் அறையில் எனக்குப் பதினெட்டு,
மீன்களுக்கு இருபத்தொன்பது.
அறையின் சூட்டைத் திருகும் பெட்டி மேலே
ஞானசௌந்தரி அக்காவின் சாமிப்படத்துக்குப் பக்கத்தில்.
தொட்டியின் ஹீட்டர் மட்டும் என் கையில்.
இரண்டு ஸ்வெட்டரோடு
கண்ணாடியில் கன்னத்தை வைத்துக் கிடப்பேன்.
ஸ்காபரோவில் வாடகை குறைந்த வெயில் அதுதான்.

"ஹைட்ரோ பில் ஏறிக்கிடக்கு" என்பா.
"குளிர்ந்தால் செத்துப்போடுங்கள் அக்கா."
"பொரிச்சாலும் ஒரு சட்டிக்குக் காணாது,
இதுகளுக்குக் காசு குடுத்து வெயில் வாங்கிறாய்."
மாட்டு இதயம் அரைத்த கிழமை
மூன்று நாள் பேச்சில்லை.
பிறகு இறாலும் கீரையும் என்று இறங்கிவந்தோம்,
வெள்ளியென்றால் அதுவும் கிடையாது.
டிஸ்கஸ்கள் விரதத்தைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஏரித் தண்ணீரை நீலப் பீப்பாயில் பிடித்து
ஒரு நாள் முழுக்கக் காற்றூதி
குளோரினை முறித்து
முழங்கை நனைத்துப் பார்த்துத்தான் ஊற்றுவேன்.
எனக்குப் பிள்ளைகள் இல்லை.
அந்தச் சூடு எப்படியோ முழங்கைக்குத் தெரிந்திருந்தது.
இரவு பதினொன்றிலிருந்து ஏழுவரை
கிடங்கில் பொதி பிரிக்கிறேன்;
முதுகில் மிஞ்சுவது
வாளி வாளியாக இதற்குள் போகிறது.

ஆவணியில் சோடி சேர்ந்தன.
மண்கூம்பை வாயால் துடைத்துத் துடைத்து
முட்டையிட்டன.
மூன்றாம் நாள் தின்றன.
மறுபடி இட்டன, மறுபடி தின்றன.
ஆறாம் தரம்
தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
நான் சோறு தின்றேன்.

ஏழாவதை ஏன் விட்டுவைத்தன
என்று இன்றைக்கும் தெரியாது.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கி இரண்டாம் நாள்
உறைமழை.
வெளியே ஒவ்வொரு கிளையும் கண்ணாடி உடுத்தி
கனம் தாங்காமல் ஒடிந்தது.
ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது.
ஃபில்டரின் இரைச்சல் நின்றபோதுதான்
இவ்வளவு நாளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று விளங்கியது.

பற்றரியில் காற்றுக்குழாய்.
தொட்டியைச் சுற்றி என் போர்வை, என் ஜாக்கெட்,
கடைசியில் இரண்டு ஸ்வெட்டரும்.
இருபத்தெட்டு. இருபத்தேழரை.
பயந்தால் கறுக்கிற மீன்:
நீலத்தின் மேல் ஒன்பது கரும்பட்டை எழுந்தது.

படிக்கட்டில் டோர்ச் வெளிச்சம்.
அக்கா, கம்பளிக் குல்லாவோடு,
சோடாப் போத்தல்களில் சுடுதண்ணி.
மேலே காஸ் அடுப்பு எரிகிறதாம்.
"எத்தின டிகிரி?"
நாலு வருடத்தில் முதல்முறை
பில்லைத் தவிர ஒரு இலக்கம் கேட்டா.

போத்தல்களை மிதக்கவிட்டோம்,
ஆறியதை எடுத்துச் சூடானதை விட்டோம்.
இடையில் குனிந்து பார்த்தா.
தாயின் விலாவில்
தூசிபோல் ஒட்டிக்கிடந்தன குஞ்சுகள்.
"என்னத்தைத் தின்னுதுகள்?"
"தாயின்ர தோலில ஊறிறதை."
கொஞ்சநேரம் சத்தமில்லை.
அப்போது தாய் உடம்பை ஒருதரம் உதறி விலக
முழுக்கூட்டமும் தகப்பன்மேல் போய் ஒட்டியது.
"அவனிலயும் ஊறுமோ?"
"ஓம், அக்கா. மாறி மாறி."
"அந்த மனிசனுக்குக் காட்டோணும் இதை" என்றா.
எந்த மனிசன் என்று நான் கேட்கவில்லை.
அதுகளுக்குக் கூசும் என்று
டோர்ச்சைக் கையால் பொத்திப் பிடித்தா.
விரல்கள் சிவப்பாக எரிந்தன.

விடிய நாலுக்குக் கரண்ட் வந்தது. இருபத்தாறு.
எண்பதில் முப்பத்தொன்று இருந்தன.
மிச்சத்தை ஃபில்டர் பஞ்சிலிருந்து
தனியாகத்தான் எடுத்தேன்.

தை மாத பில் கதவிடுக்கால் வந்தது,
தொகைக்குக் கீழே இரண்டு சிவப்புக் கோடு.
அறை இப்போதும் பதினெட்டுத்தான்.
ஆனால் பத்தரைக்கு, நான் சப்பாத்து மாட்டும்போது,
படியின் உச்சியிலிருந்து ஒரு குரல் வரும்:
"எத்தின?"
"இருபத்தொன்பது."
கதவு சாத்தும் சத்தம்.