ஈரத்துக்குக் கழிவு

மூக்கின் கறுப்பு உதிர்ந்து
ரோஸ் தோல் தெரிந்தபோது
சொறி என்றுதான் நினைத்தேன்.
வேப்பெண்ணெய் தடவினேன்.
நக்கிவிட்டு விடியவிடிய வாந்தி எடுத்தாள் சூட்டி.

பேராதனையில் டொக்டர் இனோக்கா
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
கிருமி இல்லை இது.
காவலுக்கு நிற்கிற இரத்தம்
வீட்டுக்காரியையே கடிக்கிறது.
வெயில் ஆகாது.
மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது.
நிறைக்குத் தக்க அளவு,
மாதம் ஒருக்கா நிறுத்துப் பாருங்கள்.

பொகவந்தலாவையில்
நாய்க்கு ஏது தராசு?

அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்தபின்
மடுவத்துக் கொக்கியில்
படங்கோடு சுருட்டி மாட்டினேன்.
ஊளையிடவில்லை.
வால் மட்டும் வெளியே தொங்கியது.

என் கொழுந்தில்
ஈரத்துக்கென்று தினம் இரண்டு கிலோ வெட்டுகிற
தியோகு கணக்கப்பிள்ளை
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
"பதினொன்றரை" என்றார்.

மழையில் தொப்பலாய் நனைந்த நாய்.
ஒன்றும் கழிக்கவில்லை.
துண்டில் எழுதியும் தந்தார்.

இன்று மாத்திரை நாள்.
ரொட்டிக்குள் பாதி வில்லை,
மீதி நாளை மறுநாளுக்கு.
வெளியே பனிமூட்டம்.
கொழுந்து தெரியாது, அட்டை ஏறும் என்று
லயமே ஏசுகிறது.

நான் கதவைத் திறக்கிறேன்.
போடி,
வெயில் ஏறுமுன்
ஒரு சுற்று ஓடிவிட்டு வா.