மூணு அஞ்சு புத்தகம்

பீடோர் கடைத்தெருவில்
சலவைக் கடைக்கு மேலே என் அலுவலகம்.
சோப்பு வாசனையில்தான் நான் வழக்கு படிப்பது.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால்
ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும்.

சனிக்கிழமை, சாத்துகிற நேரம்,
நவமணி வந்தார். டயர்க் கடைக்காரர்.
எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு.
பிஸ்கட் டின் ஒன்றை மேசையில் கவிழ்த்தார்:
பில்கள், பில்களின் கார்பன் நகல்,
ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிப்போன டெலிவரி சீட்டுகள்.

"அஞ்சு லோரி. அஞ்சுக்கும் நம்ம டயர்தான்.
தேவசகாயம் பதினெட்டாயிரத்துச் சொச்சம் தரணும்."

தேதிகளைப் பார்த்தேன்.
கடைசி பில்லுக்கு ஆறு வருடம் இரண்டு மாதம்.
சட்டம் ஆறு வருடம்தான் விழித்திருக்கும்.
பிறகும் கடன் இருக்கும்,
கேட்கிற வாய்க்குத்தான் பூட்டு.

"ஏன் இத்தனை நாள்?"
"கேட்டுக்கிட்டேதான இருந்தேன்!"

கோயிலில் கேட்டிருப்பீர்கள்,
கல்யாணப் பந்தியில் கேட்டிருப்பீர்கள்,
மில் வாசலில் லோரியை மறித்துக் கேட்டிருப்பீர்கள்.
கோர்ட்டில் கேட்டதாக ஒரு தாளும் இல்லை, அக்கா.
இதை நான் சொல்லவில்லை.
டின்னுக்குள் கையை விட்டேன்.

அடியில் கிடந்தது
உள்ளங்கை அளவில் ஒரு 555 புத்தகம்.
நடுப்பக்கத்தில் வேறு யாரோ எழுதிய கை:
'தீபாவளிக்கு முன் 300 கொடுத்தேன்.
பாக்கி 18,340 நான் தர வேண்டியது.'
தேதி. கீழே பள்ளிப் பிள்ளையைப் போல
முழுப் பெயராய் ஒரு கையொப்பம்.

அந்தத் தேதியிலிருந்து மறுபடி ஒன்று எண்ண வேண்டும்.
வரும் வியாழனோடு ஆறு முடிகிறது.

"யார் எழுதச் சொன்னது?"
"யாரும் சொல்லல. அவராதான் பேனா கேட்டாரு.
நாளைக்கு நான் இல்லாட்டியும்
உனக்குக் கணக்கு இருக்கட்டும்னாரு."

கொஞ்ச நேரம்
கீழே மெஷின் சுற்றும் சத்தம் மட்டும்.

எழுதாதவன் தப்பித்திருப்பான்.
இருபது வருடமாக இந்தத் தொழில்;
ஒரு பொய்யனும் எனக்கு ஒரு வரி
விட்டுவைத்துப் போனதில்லை.

நவமணியும் அதையேதான் நினைத்தாரோ என்னவோ,
அந்தக் கையொப்பத்தைக் கட்டைவிரலால் மூடினார்.
எடுத்தார்.
"தொழில மூடிட்டாராம். லைசென்ஸ் செத்துப்போச்சாம்."
"தனியாள் பேரில் பதிந்தது.
கடை காலாவதியாகும், ஆள் ஆக மாட்டார்.
பேங்கு, லோரி, வீடு வரைக்கும் போகலாம்."
"வீடா?"
"தவணை கேட்டால் தவணையோடு முடியும்."

விசிறி காற்றில் பில்கள் எழுந்து படுத்தன.

"மூணு பையனுங்களுக்கு
ரெண்டு மாசமா இ.பி.எஃப். கட்டல.
அந்தக் கடுதாசி யார் பேருக்கு வரும்?"
"உங்கள் பேருக்குத்தான். நீங்களும் தனியாள்."
"அப்ப போடுங்க."

திங்கள் காலை, தாப்பா, மாஜிஸ்திரேட் கோர்ட்.
குறித்துக்கொண்டேன்.
படியிறங்கப் போனவர் திரும்பினார்.
"அந்த முந்நூறக் கழிச்சாச்சா? பாவம்."
"அவரே கழித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்."

இன்னும் நின்றார்.
"உங்க ஃபீஸு... அடுத்த மாசம் தரட்டா?"

என் இழுப்பறையிலும் உண்டு
ஒரு புது 555.
பேனாவோடு அவர் பக்கம் தள்ளினேன்.
தொகையை எழுதினார்.
தேதி எழுதினார்.
பெயர் போடும் இடத்துக்கு மேலே
பேனா நின்றுவிட்டது.

தெருவில் ஒரு குலை லோரி.
நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.