பென்சிலால் எழுதியது

வருடாந்தக் கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர்.
அதில் நாலு பேர் குழந்தைகள்,
ஒருவர் நித்திரை.
பொருளாளர் நான். அறிக்கை வாசித்தேன்:
கையிருப்பு பதினேழாயிரத்து நானூற்று ஐந்து.
மின்விசிறி திருத்த எண்ணாயிரம் போகும்.

"வாற வருசத்துக்கு இலக்கு என்ன?" என்றார் போதகர்.
வழமைபோல எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன்:
மதிலுக்கு வெள்ளை அடித்தல்,
ஓய்வுநாள் பள்ளிக்கு இரண்டு வாங்கு.
முடியக்கூடியவை.
கடவுளைத் தொந்தரவு செய்யாமலே
முடித்துவிட்டு
கடவுளுக்கு நன்றி சொல்லக்கூடியவை.

கடைசி வாங்கில் இருந்து சுகிர்தமலர் எழும்பினா.
விடிய மீன் வித்த சைக்கிள்
வெளியில் பூவரசில் சாத்தியிருந்தது.
"அராலியில எங்கட பக்கம்
நுண்கடனில கிடக்கிற பொம்பிளையள் நாப்பத்தாறு பேர்.
வீடு வீடா மீன் குடுக்கேக்க எண்ணிப்போட்டன்.
வாற நத்தாருக்குள்ள
ஒருத்திக்கும் கடன் இருக்கக்கூடாது.
அதை எழுதுங்கோ."

ஆரோ இருமினார்.
கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருசம்
கணக்கு எழுதின மூளை எனக்கு;
அவ இருக்க முதல் கூட்டிவிட்டது:
முப்பத்தெட்டு இலட்சம்.
"அதில சபைக்கு வாறது எத்தினை பேர்?"
"அஞ்சு. மற்றாக்கள் அம்மன் கோயில்."
"அப்ப ஏன் நாங்கள்..."
"லோன்காரன் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டேக்க
எந்தக் கோயில் எண்டு கேக்கிறேல்லை, அண்ணை."

எழுதினேன்.
பென்சிலால், சின்ன எழுத்தில்,
அழிக்க வசதியாக.

தை மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
கனடாவுக்குப் போட்ட ஏழு கடிதத்துக்கு
ஒரு பதில் வந்தது: படம் அனுப்பட்டாம்.
மாசியில் சுகிர்தமலர்
ஒரு சீலைப்பை நிறையப் பாஸ்புத்தகங்கள்
என் மேசையில் கொட்டினா.
மீன் மணத்தது. சிலதில் கண்ணீரும் இருக்கலாம்,
மை கரைந்திருந்தது.
"உங்களுக்குத் தெரிஞ்சது கணக்குத்தானே,
பாருங்கோ."

பார்த்தேன். இரவிரவாகப் பார்த்தேன்.
முப்பது வருசம்
சங்கத்தின் சீனியையும் மாவையும் கூட்டிக் கழித்த விரல்
முதல்முறை நடுங்கியது:
ஒன்பது பேரிடம்
கட்டி முடித்த கடனுக்கு
இன்னமும் கிழமைக்குக் கிழமை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று பின்னேரம் அந்தப் பழைய கதை நினைவில் வந்தது.
கடன்காரன் பிள்ளைகளைக் கொண்டுபோக வர,
அயலெல்லாம் வெறும் பாத்திரம் இரந்தாளே ஒருத்தி.
பாத்திரம் முடிந்த இடத்தில்தான்
எண்ணெய் நின்றது.
எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்,
எண்ணெயை மட்டும் பார்த்துக்கொண்டு.
என் வீட்டில் இருந்ததோ
ஒரு முட்டி. அதுவும் மூடியோடு.

நத்தார் வந்தது.
நாப்பத்தாறு வரவில்லை.
இருபத்தொன்று.
திலகேஸ்வரி மீண்ட மூன்றாம் மாதம்
வேறொரு கம்பனியில் மறுபடி கையெழுத்து வைத்தா;
மகளுக்குச் சடங்கு.
யோகராணி ஆருக்கும் சொல்லாமல் குவைத்துக்குப் போயிட்டா.
அவவின் பெயருக்கு நேரே
என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.

அறிக்கை வாசித்தேன்.
குரல் என்னுடையதுதானா என்று சந்தேகம்.
மின்விசிறி திருத்தின செலவு: இல்லை.
எல்லோரும் வேர்த்துக்கொண்டிருந்தோம்.
குறைந்த பக்கத்தைத்தான் என் கண் பார்த்தது:
இருபத்தைந்து, இருபத்தைந்து.
மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன்.

கடைசி வாங்கில் சுகிர்தமலர்.
பக்கத்தில் இரண்டு புதுமுகங்கள்,
நெற்றியில் திருநீறு,
மடியில் சீலைப்பை.
"மிச்சம் இருபத்தஞ்சு," என்றா,
"அதோட சங்கானைப் பக்கம் ஒரு அறுபது பேராம்.
இவை அங்கயிருந்துதான் வந்தவை."

ஒருத்தரும் இருமவில்லை.
போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு
என் பக்கம் திரும்பினார்.
பதிவேட்டை விரித்தேன்.
சட்டைப்பையில், மேசை லாச்சியில்,
பாட்டுப் புத்தகத்துக்குள்
பென்சிலைத் தேடினேன்.
அகப்படவில்லை.